முன்பாரம்

மானின் முன்சப்பையில் கத்தியை இறக்கியபோது உள்ளே ஏதோ நறநறவென்றது. எலும்பின் சத்தமில்லை, இரும்பின் சத்தம். ஆர்டிஸ் சுதாரிப்பதற்குள் கத்தி வழுக்கி, அதைப் பிடித்திருந்த கையும் பின்னாலேயே உள்ளே போய்விட்டது. சதைக்குள் ஒளிந்திருந்த, சவரத் தகடுபோல் கூரான ஏதோ ஒன்று வலக்கைக் கட்டைவிரலின் அடிமேட்டைப் பிளந்தது. இடக்கையில் சங்கிலிக் கையுறை மாட்டியிருந்தாள். கத்தி பிடிக்கிற கைக்கு யார் உறை போடுகிறார்கள்?

"மெர்ல்! துணி கொண்டா!" என்று கத்தினாள்.

கறிக்கடைக்காரர் மெர்ல் ஓடிவந்து பார்த்து வெளுத்துப்போனார். "ஐயோ, உள்ள வெள்ளையாத் தெரியுதே! வா, வண்டியில ஏறு. தையல் போட்டாகணும்."

"ஏறுறேன். மொதல்ல இது எந்தப் புண்ணியவான் வேலைன்னு பாக்கணும்."

துணியைச் சுற்றிக்கொண்டு மறுகையால் சப்பையை விரித்தாள். நாற்றம் குப்பென்று வந்தது. சப்பை எலும்பில் பாதி புதைந்து, மூன்று தகடு வைத்த ஓர் அம்பு முனை இருந்தது. அதன் பின்னால் ஒடிந்துபோன தண்டின் துண்டு. சுற்றிலும் மஞ்சள் சீழ். இலை சிவக்கிற காலத்தில் யாரோ எய்த அம்பு. பனி விழுந்த பிறகு வேறொருவன் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தும்வரை அந்தக் கொம்பன் இதைச் சுமந்துகொண்டு மூன்று காலில் நொண்டியிருக்கிறது. எலும்பைத் தாண்டி நாலு விரற்கடை போயிருந்தால் நுரையீரல். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த நாலு விரற்கடை போக அம்புக்குத் தெம்பில்லை.

முனையைப் பிடுங்கிக் குழாய்த் தண்ணீரில் கழுவினாள். தண்டுக்குள் உலோகப் பூண் நுழைகிற இடத்தில் மெழுகு பூசிய சிவப்பு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. ஆர்டிஸ் அதைப் பார்த்தபடியே நின்றாள். ரத்தம் துணியைத் தாண்டித் தரையில் சொட்டியது.

"யாரோடதுன்னு தெரியுதா?" என்றார் மெர்ல்.

"தெரியுது" என்றாள். அதற்கு மேல் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வாய் திறக்கவில்லை. மெர்லுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆர்டிஸ் ஹௌகனின் வாய் மூடியிருந்து ஸ்கோகன் ஊர் பார்த்ததில்லை. அமெரிக்காவில், விஸ்கான்சினின் அந்தக் குன்றுப் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே கோபப்படுவது வழக்கமில்லை. ஒருவர் மேல் ஆத்திரம் வந்தால், அவர் வீட்டுக்கு ஒரு தட்டில் கேக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசிவிட்டு வருவார்கள். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த பாட்டன்மார் விட்டுப்போன பழக்கம் அது. ஆர்டிஸ் மட்டும் அந்தச் சொத்தில் பங்கு வாங்காமல் வளர்ந்துவிட்டாள்.

அதற்குக் காரணமும் இருந்தது. மேட்டுநிலத்துப் பால்பண்ணை ஒன்றில் மூத்தவளாகப் பிறந்தவள். தகப்பன் ஹால்வர் நல்ல வில்வேட்டைக்காரர். மகன் லைலுக்கு வில் பிடிக்கக் கை வந்ததுமே காட்டுக்கு அழைத்துப்போனார். மகளிடம் கன்றுகளுக்குப் பால் ஊட்டுகிற வாளியைக் கொடுத்தார். "பொம்பளப் புள்ள மரத்து மேல உக்காந்து என்ன பண்ணப் போவுது?" என்றார். தகப்பனும் தம்பியும் சமையலறை மேசையில் அம்பு கட்டும்போது ஆர்டிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்போது பார்த்ததுதான் சிவப்பு நூல். பூண் ஆடாமலிருக்க ஹால்வர் அதைச் சுற்றுவார். அந்த வட்டாரத்தில் வேறு யாரும் சுற்றியதில்லை. ஹால்வர் போனபின் ஒரே ஒருவன்தான் சுற்றினான்.

மாடுகளை விற்றுப் பண்ணை கைமாறியபோது ஆர்டிஸ் மெர்லின் கறிக்கடையில் கத்தி பிடிக்கப் போனாள். முதல் குளிர்காலத்திலேயே பழைய வில் ஒன்று வாங்கி, வைக்கோல் கட்டுகள்மேல் எய்து எய்து பழகினாள். கல்யாணம் செய்துகொண்டாள், பிறகு விவாகரத்தும் செய்துகொண்டாள். இரண்டுக்கும் ஊரில் யாரையும் யோசனை கேட்கவில்லை. வருஷம் தவறாமல் ஒரு மான் எய்தாள், அதைத் தானே அறுத்தாள், தானே தின்றாள்.

ஊரார் மானுக்கு வெளியே நின்று வேட்டையைப் பார்த்தார்கள். இவள் உள்ளே இருந்து பார்த்தாள். எந்த அம்பு விலாவைத் துளைத்துப் போயிருக்கிறது, எது எலும்பில் முட்டி வளைந்திருக்கிறது, எது தோலடியில் கிடந்து அழுகியிருக்கிறது என்பதெல்லாம் நாள்தோறும் அவள் பலகை மேல் வந்து விழுந்தது. வரவர முட்டி நின்றவைதான் அதிகம். எல்லாம் ஒரே சாதி. காற்றுப்போல் மெலிந்த தண்டு, கொட்டைப்பாக்குக் கனம்கூட இல்லாத முனை, பின்பக்கம் மட்டும் மினுக்குத் தாளும், பெரிய இறகும், இருட்டில் ஒளிரும் குமிழும். முன்னால் சோனி, பின்னால் சீமாட்டி. இப்படிப்பட்ட அம்புகளை ஊருக்கே விற்றுக்கொண்டிருந்தவன் லைல்.

பழைய பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக் கட்டடத்தில் அவன் வில்கடை வைத்திருந்தான். பின்கூடத்தில் எய்து பார்க்க நீளமான இடம். குளிர்காலச் சனிக்கிழமைகளில் அங்கே வேகப்போட்டி நடக்கும். அம்பு போகிற வேகத்தைச் சிவப்பு எழுத்தில் காட்டும் பெட்டி ஒன்றை வைத்திருந்தான். யாருடைய எண் பெரிதோ அவனுக்கு ஒரு பெட்டி பீர். எண்ணைக் கூட்டச் சுலபமான வழி அம்பின் கனத்தைக் குறைப்பது. ஆகவே எல்லோரும் குறைத்தார்கள். குறைத்த அம்போடு காட்டுக்கும் போனார்கள்.

கையில் தையலோடு ஆர்டிஸ் அந்தச் சனிக்கிழமை கடைக்குள் நுழைந்தபோது ஆட்டம் சூடாக இருந்தது.

"வாக்கா! கையில என்ன, கடிச்சிட்டானா எவனாவது?" என்றான் லைல். கூட்டம் சிரித்தது.

"ஆமா, உங்க கூட்டத்துல ஒருத்தன்தான். ஒண்ணு கேக்குறேன், எல்லாருக்கும் கேக்குற மாதிரி பதில் சொல்லு. இந்த வருஷம் நீ மான் எதையாவது அடிச்சியா?"

"கெடைக்கலக்கா. நம்ம கருவாலி மரத்து மேட்டுல ஒரு கொம்பன் வந்தான். முதுகுக்கு மேல போயிடுச்சு. சுத்தமாத் தவறிடுச்சு."

முதுகுக்கு மேல போயிடுச்சு! வில் பிடிக்கிற ஊர்களிலெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! காயம்பட்டு ஓடிய மான் வாய் திறந்து சாட்சி சொல்லாது என்கிற தைரியம். ஆர்டிஸுக்குக் காதுமடல்வரை சூடேறியது. சட்டைப்பையிலிருந்து எடுத்ததை அந்த வேகப்பெட்டியின் மேல் டொக்கென்று வைத்தாள்.

"முதுகுக்கு மேல போனது எப்படிடா சப்பைக்குள்ள வந்து உக்காந்துச்சு?"

லைல் குனிந்து பார்த்தான். சிவப்பு நூலைக் கண்டதும் அவன் கழுத்து சிவந்ததை ஆர்டிஸ் பார்த்தாள். மற்றவர்களுக்கு நூலின் கதை தெரியாது.

"இந்த முனைய நான் ஊருக்கே விக்கிறேன். யாரோடதோ என்னமோ" என்றான்.

"யாரோடதோவா?"

"யாரோ கைநடுங்கி ஒருத்தன் சப்பையில அடிச்சிருக்கான். அதுக்கு முனை என்ன பண்ணும்? எய்தவன விட்டுட்டு அம்ப நோகுறியே!"

"எய்தவனத்தான்டா கேக்குறேன். எய்தவன் கண்ணு முன்னாடி நிக்கிறான், வாயத் தொறக்க மாட்டேங்கிறான்!"

டிராக்டர் பழுது பார்க்கிற கெர்மிட் என்பவர் தொண்டையைச் செருமி, "இன்னைக்குப் பனி கொட்டும்போல" என்றார். ஊர் வழக்கம்.

"பனி கெடக்குது கெர்மிட்" என்றாள் ஆர்டிஸ். "என் வண்டியில நாலஞ்சு மான் சப்பை வச்சிருக்கேன். கடையில வீசப்போனது. எடுத்துட்டு வந்து குறிப்பலகை முன்னாடி தொங்கவிடு. லைல், உன் வில்ல எடு. எனக்குக் கையில கட்டு. நீயே எய்."

லைலுக்கு மறுக்க வழியில்லை. கடை நிறைய ஆள்.

அவனுடைய அலமாரியிலிருந்தே விறைப்பான தடித்த தண்டு சிலவற்றை ஆர்டிஸ் எடுத்தாள். கெர்மிட்டிடம் தண்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முன்பக்கம் நீளப் பித்தளைப் பூணைச் சொருகினாள். அதன்மேல் இரண்டே தகடு கொண்ட கனத்த முனையைத் திருகினாள். பின்பக்கம் சின்ன இறகு மட்டும்.

"மெல்லிசுத் தண்டுலயே கனமான முனைய மாட்டினா ஆகாதா?" என்று கெர்மிட் கேட்டார்.

"ஆகாது. முன்னால கனம் ஏற ஏறத் தண்டு எய்யும்போது வளையும். மீன் வால் மாதிரி ஆடிட்டே போகும். நான் அப்படிப் போட்டு ஒரு கோடை முழுக்கத் திணறியிருக்கேன். கனத்துக்கு ஏத்த விறைப்பு வேணும்."

அம்பை விரல்மேல் கிடத்திக் காட்டினாள். நடுவில் நிற்கவில்லை. முனைப்பக்கம் வெகுதூரம் நகர்த்திய பிறகே தராசுபோல் நின்றது. லைலின் வேக அம்பை அதேபோல் வைத்தாள். கிட்டத்தட்ட நடுவிலேயே நின்றது.

"வைக்கோல் வண்டிக்குப் பாரம் ஏத்தியிருக்கீங்க இல்ல? பின்பாரமா ஏத்தினா என்ன ஆகும்?"

"வாலாட்டும். இறக்கத்துல நம்மளையே பொரட்டிடும்" என்றார் கெர்மிட்.

"முன்பாரமா ஏத்தினா?"

"இழுத்த பக்கம் ஒழுங்கா வரும்."

"அவ்வளவுதான் விஷயம். முன்பாரம் உள்ள அம்புல தலை இழுக்கும், வால் பின்னாலயே நேரா வரும். எலும்புல பட்டாலும் உள்ள போகத்தான் பாக்கும். பின்பாரம்னா தலை நின்ன உடனே வால் ஒரு பக்கம் சாயும். தண்டு வளைஞ்சு, இருக்குற வேகமெல்லாம் ஆட்டத்துலயே போயிடும்."

லைல் முதலில் தன் அம்பை எய்தான். சிவப்பு எழுத்தில் பெரிய எண் விழுந்தது. யாரோ சீட்டி அடித்தார்கள். அம்பு சப்பை எலும்பில் முட்டி, தண்டு படாரென்று ஒடிந்து தரையில் உருண்டது. முனை மட்டும் எலும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் பலகையில் கண்டது எப்படியிருந்ததோ அப்படியே.

அடுத்து அக்காவின் அம்பு. எண் வெகுவாகக் குறைந்தது. "என் பாட்டி இதவிட வேகமா நடப்பா" என்றான் பின்னாலிருந்து ஒருவன். ஆனால் அம்பு தொங்கிய சப்பையில் நிற்கவேயில்லை. எலும்பில் ஒரு வெட்டுத் துளை போட்டுவிட்டு, பின்னாலிருந்த குறிப்பலகையில் இறகுவரை போய்ப் புதைந்தது. பாட்டியைப் பற்றிப் பேசியவன் கிட்டே போய்த் துளையில் விரலை விட்டுப் பார்த்தான். திரும்பத் திரும்ப எய்தார்கள். ஒரு தடவை எலும்பின் தடித்த கணுவில் பட்டு ஆர்டிஸின் அம்பும் நின்றது. மற்றபடி கதை ஒன்றுதான்.

லைலும் லேசில் விடுகிறவன் இல்லை. "சரிக்கா. இருபது கஜத்துல ஒத்துக்கிறேன். நாப்பது கஜத்துல? உன் அம்பு செங்கல் மாதிரி விழும். தூரத்தக் கொஞ்சம் தப்பாக் கணிச்சாலும் வயித்துல அடிக்கும். அது மட்டும் பாவமில்லையா?"

எய்தும் காட்டினான். அவன் சொன்னது பொய்யில்லை. கூடத்தின் கடைசியிலிருந்து எய்தபோது கனத்த அம்பு ஒரு முழம் கீழே இறங்கியது.

"விழும். யாரு இல்லேன்னா?" என்றாள் ஆர்டிஸ். "அதனால நாப்பது கஜத்துல எய்யாத. காலு குடுத்திருக்காரு இல்ல ஆண்டவரு? கிட்டப் போ. போக முடியலேன்னா வில்லத் தாழ்த்திட்டு வீட்டுக்கு வா, சோறு இருக்கு. இந்தக் காட்டுல நாப்பது கஜத்துக்குக் கண்ணே தெரியாது. வருஷம் முழுக்க இருபதுக்குள்ளதான்டா எய்யுறீங்க! அதுக்கு எதுக்குடா இந்த வேகம்? பீருக்கா?"

ஆட்கள் ஒவ்வொருவராகக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கடை காலியானதும் லைல் கதவைச் சாத்திவிட்டு வந்து வேகப்பெட்டியின் விளக்கை அணைத்தான்.

"நான்தான் அடிச்சேன்" என்றான் மெதுவாக. "விடிஞ்சதுலேர்ந்து மத்தியானம் வரைக்கும் தேடினேன்க்கா. ஓடைக்கு அந்தப் பக்கம் ரத்தமே இல்ல. எனக்கு மட்டும் வருத்தமில்லையா?"

"பின்ன ஏன்டா தவறிடுச்சுன்னே?"

"கடைக்காரன்க்கா நான். நானே அடிச்சுத் தொலைச்சேன்னு சொன்னா எவன் என்கிட்ட அம்பு வாங்குவான்?"

தம்பி உண்மையைச் சொன்னால் மனசு ஆறும் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். ஆறவில்லை. இன்னும் எரிந்தது. தெரியாமல் விற்றவனை மன்னிக்கலாம். தெரிந்தே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதே சோற்றை ஊருக்கும் பரிமாறுகிறவனை என்ன செய்வது?

"அந்த மான் மூணு கால்ல நொண்டிட்டுத் திரிஞ்சப்ப நீ இங்க பீர் பெட்டி குடுத்துட்டு இருந்திருக்கே" என்றாள். கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள்.

கிறிஸ்துமஸுக்கு லைலின் மனைவி உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு அனுப்பினாள். ஆர்டிஸ் ரொட்டியைத் தின்றாள், தம்பியோடு பேசவில்லை. பனி உருகி, சோளம் விதைத்து, சோளம் முற்றியும் பேசவில்லை. கட்டைவிரல் ஆறியது. ஆனால் முழுதாக மடங்க மறுத்தது. கத்தியைப் பிடிக்கும் விதத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இலையுதிர் காலத்தில் கருவாலி மேட்டுக்கு அவள் போனபோது, மேட்டடியில் லைலின் வண்டி நின்றது. வண்டித் தொட்டியில் அவன் மிச்ச அம்புகளை வைத்திருந்த கூடு. எட்டிப் பார்த்தாள். தடித்த தண்டு, இரட்டைத் தகட்டு முனை, சின்ன இறகு. ஒன்றை உருவி விரல்மேல் வைத்தாள். முனைப்பக்கமே நின்றது. நல்ல முன்பாரம். கச்சிதமான வேலை.

திருந்திவிட்டான் என்று வேறு யாராவது மகிழ்ந்திருப்பார்கள். ஆர்டிஸ் வேட்டையை விட்டுவிட்டு நேரே வில்கடைக்கு வண்டியை விட்டாள். கடையில் வேலைக்கு இருந்த ஆள் அப்போதுதான் ஒருவருக்கு அம்பு காட்டிக்கொண்டிருந்தான். அதே மெலிந்த தண்டு, அதே மினுக்குத் தாள். சுவரில் வேகப்போட்டி அறிவிப்பு புதிதாகத் தொங்கியது.

தனக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று! மானை அடித்துத் தொலைக்கிற வேதனை தனக்கு மட்டும் வேண்டாம், வாங்குகிறவனுக்கு இருக்கட்டுமாம்!

அடுத்த சனிக்கிழமை கடை திறந்ததுமே ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து பணம் வாங்கும் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மடியில் இரண்டு அம்பு, துளைபோட்ட ஒரு சப்பை எலும்பு.

"என்னக்கா இது?"

"உக்காந்திருக்கேன்."

"வியாபாரம் நடக்குற எடம்!"

"நடக்கட்டும். வர்றவன்கிட்ட நான் பேசுவேன்."

"ஷெரிஃபக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவரும் வில்வேட்டைக்குப் போறவர்தான். அவர்கிட்டயும் பேசுவேன்."

லைல் கூப்பிடவில்லை. சொந்த அக்காவைப் பிடித்துக்கொடுத்தான் என்ற பெயரோடு ஸ்கோகனில் எப்படிக் காப்பிக்கடைக்குப் போவான்? அவள் சனிக்கிழமைதோறும் வந்தாள். அம்பு வாங்க வந்தவர் ஒவ்வொருவரையும் பிடித்து, அம்பை நிறுத்திக் காட்ட விரலை நீட்டச் சொன்னாள். சிலர் சிரித்துவிட்டு வேகத்தையே வாங்கிப் போனார்கள். அவர்களைப் பார்த்து, "மான்கிட்டப் போயிச் சிரி" என்றாள். சிலர் திரும்பி வந்து பித்தளைப் பூண் கேட்டார்கள். லைல் அதையும் வரவழைத்து விற்றான். "நீ சவப்பெட்டியும் விப்பே, தொட்டிலும் விப்பே" என்று அதற்கும் திட்டு விழுந்தது.

துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, கனமான உடம்புக்காரர் ஒருவர் வந்தார். பக்கத்து ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், பெயர் ஆர்லோ. ஆர்டிஸ் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் லைலின் பக்கம் திரும்பினார்.

"உங்க அக்கா சொல்றது இருக்கட்டும். கடைக்காரர் நீங்க சொல்லுங்க. நெசமாவே வேக அம்பு எலும்புல நின்னுடுமா? நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

கடையில் கெர்மிட் இருந்தார், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். லைல் மேசைத்துணியால் துடைத்த இடத்தையே துடைத்தான். ஆர்டிஸ் அவனுக்கு உதவவில்லை. ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை.

"போன வருஷம் நானே ஒரு கொம்பனச் சப்பையில அடிச்சேன்" என்றான் கடைசியில். "நின்னுடுச்சு. மான் ஓடிடுச்சு. நான் தவறிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். அந்த முனைதான் எங்கக்கா கையக் கிழிச்சுது."

கெர்மிட் வாயைத் திறந்தார். பனியைப் பற்றி எதுவும் வரவில்லை. மூடிக்கொண்டார்.

ஆர்லோ கையிலிருந்த வேக அம்பை மேசைமேல் வைத்தார். பிறகு, "அப்ப எனக்கு அந்தப் பித்தளைப் பூண் போட்டதே குடுங்க" என்றார்.

லைல் அம்பு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு அக்காவைப் பார்த்தான். ஏதோ நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது.

"இதச் சொல்ல ஒரு வருஷமாடா?" என்றாள் ஆர்டிஸ். "அந்த வருஷத்துல எத்தனை பேருக்கு அத வித்தே? அத்தனை பேரையும் போன்ல கூப்பிடு. இன்னைக்கே கூப்பிடு."

"அத்தனை பேருமா?"

"அத்தனை பேரும்."

லைல் பெருமூச்சு விட்டுத் தொலைபேசியை எடுத்தான். அவன் முதல் எண்ணை அழுத்துகிறானா என்று பார்த்த பிறகே ஆர்டிஸ் நாற்காலியை மடக்கினாள்.